பில் வராத இடத்தையும் அளக்கணும்: வீட்டுக்கும் தோட்டத்துக்கும் கார்பன் கணக்கு போடும் முறை

எங்கள் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் சேர்த்து ஒரு வருடக் கார்பன் கணக்கு, அதாவது நாம் செய்யும் வேலைகளால் பூமியைச் சூடாக்கும் வாயு எத்தனை கிலோ வெளியேறுகிறது என்ற கணக்கு, எழுதி முடிக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. எதை முதலில் செய்வது, எந்தத் தாளை எங்கே தேடுவது, எங்கே ஏமாறுவோம் என்று முன்பே தெரிந்திருந்தால் மூன்று வாரத்தில் முடிந்திருக்கும். அந்த ஐந்து மாதம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வீட்டை ஒட்டியே தோட்டம், ஒரு போர்வெல், இரண்டு மாடு என்று இருக்கும் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். எங்களுடையது பல்லடத்துக்கும் பொங்கலூருக்கும் நடுவில் உள்ள ஊர். மூன்று ஏக்கர் தென்னை, வீட்டில் ஐந்து பேர். டவுனில் குடியிருப்பவர்கள் 4, 6, 9 ஆகிய படிகளை விட்டுவிட்டு மற்றதைச் செய்தால் போதும்.

தொடங்கும்போது பிளாஸ்டிக் பையும் குண்டு பல்பும்தான் பெரிய குற்றவாளிகள் என்று நினைத்திருந்தேன். கணக்கு முடிந்தபோது மூன்றில் இரண்டு பங்கு, எந்த பில்லும் வராத இரண்டு இடங்களில் இருந்தது. அதனால் கையில் பில் இருப்பதை மட்டும் கூட்டிவிட்டு எழுந்துவிடாதீர்கள்.

1. எல்லை போடுங்கள் (ஒரு மாலை நேரம், செலவு இல்லை)

ஒரு நீள நோட்டு எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் வீடு, வலது பக்கம் தோட்டம். இந்தக் கோடு இல்லாமல் ஆரம்பித்ததுதான் நான் செய்த முதல் தவறு. தோட்டத்தில் காய்க்கும் தேங்காயில் பெரும்பகுதியை வியாபாரி ஏற்றிக்கொண்டு போகிறார். பால் சொசைட்டிக்குப் போகிறது. அதற்கான புகை முழுவதையும் ஐந்து பேர் தலையில் வைத்து வகுத்தால் ஆளுக்கு வரும் எண் பொய்யாகிவிடும். அதற்காகத் தோட்டத்தை எழுதாமலும் விடக் கூடாது, மோட்டாரைப் போடுவது நாம்தானே.

இணையத்தில் பத்து நிமிடத்தில் கணக்கு சொல்லும் பக்கங்கள் நிறைய உண்டு. பெரும்பாலானவை வெளிநாட்டு வீடுகளுக்காகச் செய்தவை. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க எவ்வளவு எரிவாயு செலவாகிறது என்று கேட்கும், போர்வெல்லைப் பற்றிக் கேட்காது. சில பக்கங்கள் கார்பனைச் சொல்லாமல், உங்கள் வாழ்க்கைக்கு எத்தனை ஹெக்டேர் நிலம் தேவை என்று சொல்லும். அது வேறு அளவு, இரண்டையும் கலக்காதீர்கள். கையால் போடுவதே நமக்குச் சரி.

2. தாள்களைத் திரட்டுங்கள் (இரண்டு ஞாயிற்றுக்கிழமை)

முழுதாகப் பன்னிரண்டு மாதம் வேண்டும். சித்திரையில் ஓடும் மின்விசிறிக்கும் மார்கழியில் ஓடுவதற்கும் வித்தியாசம் அதிகம். இரண்டு மாதத்தை எடுத்து ஆறால் பெருக்கினால் தப்பாகும், நான் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எடுத்து வைக்க வேண்டியவை இவை:

- ஈபி இணைப்பு எண். இது இருந்தால் பழைய ரீடிங்குகளை மின்வாரியத்தின் இணையதளத்திலேயே பார்க்கலாம். இரண்டு மாதத்துக்கு ஒன்று என்பதால் ஆறு ரீடிங்.
- கேஸ் முன்பதிவு விவரம். புத்தகத்திலோ போனிலோ இருக்கும்.
- வண்டிகளின் கிலோமீட்டர் ரீடிங். சர்வீஸ் பில்லில் ஒவ்வொரு முறையும் எழுதியிருப்பார்கள், அதைத் தூக்கிப் போடாதீர்கள்.
- ஜெனரேட்டர், டிராக்டர் இருந்தால் டீசல் வாங்கிய கணக்கு.
- தோட்ட மோட்டாரின் பெயர்ப்பலகையை எடுத்த போட்டோ.
- சிட்டா, வீட்டு வரி ரசீது. கணக்குக்கு இவை வேண்டாம், ஆனால் 9, 10 ஆகிய படிகளில் கேட்பார்கள். தேடும்போதே சேர்த்து எடுத்துவிடுங்கள்.

3. வீட்டு மின்சாரம்

பில்லில் தொகையைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். விசைத்தறிக்கு 1,000 யூனிட் இலவசம். சோமனூர் பக்கம் தறி வைத்திருக்கும் உறவினர் ஒருவர் தொகையை வைத்தே கணக்குப் போட்டிருந்தார். இலவச யூனிட்டுக்கும் எங்கோ நிலக்கரி எரிந்திருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கரியமில வாயு என்பதை மத்திய மின்சார ஆணையம் வருடா வருடம் வெளியிடுகிறது. இப்போது சுமார் 0.72 கிலோ. எங்கள் வீட்டில் வருடத்துக்கு 2,520 யூனிட். 0.72-ஆல் பெருக்கினால் 1,814 கிலோ.

இங்கே நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. மொட்டை மாடியில் நின்றால் பல்லடத்திலிருந்து உடுமலை வரைக்கும் காற்றாலையாகத் தெரியும். அதனால் நமக்கு வருவது சுத்தமான மின்சாரம்தான் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் காற்றாலை மின்சாரமும் அனல்மின் நிலைய மின்சாரமும் ஒரே மின்கம்பி வலையில்தான் கலக்கின்றன. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் அடிக்கும், தையில் அடங்கிவிடும். நம் கம்பியில் வந்தது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. 0.72 என்றே போடுங்கள்.

4. தோட்டத்து மோட்டார் (அரை நாள், சுமார் ஆயிரம் ரூபாய்)

இந்தப் படியை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். விவசாய இணைப்புக்கு மின்சாரம் இலவசம், பில் கிடையாது. அதனாலேயே யாரும் அளப்பதில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டபோது அவரே கேட்டார்: “ஏனுங்க, பில்லே வர்றதில்ல, அப்புறம் எதுக்குங்க அளந்துட்டு?”

மூன்று விஷயம் தெரிய வேண்டும். மோட்டார் எவ்வளவு இழுக்கிறது, எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எவ்வளவு தண்ணீர் தருகிறது.

முதலாவதுக்கு எலக்ட்ரீஷியனை டங் டெஸ்டரோடு (ஒயரைச் சுற்றி மாட்டி ஆம்பியர் பார்க்கும் கருவி) வரச் சொல்லுங்கள். எங்களுடையது 7.5 எச்பி நீர்மூழ்கி மோட்டார். போர் 700 அடி, மோட்டார் இறங்கியிருப்பது 450 அடியில். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு வரும் மூன்று ஒயரிலும் தனித்தனியாக மாட்டிப் பார்த்ததில் சராசரி 12.5 ஆம்பியர், வோல்டேஜ் 400. மும்முனை மின்சாரத்துக்கு 1.732 × வோல்ட் × ஆம்பியர் × 0.8 என்று பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். அந்த 0.8 என்பது பவர் ஃபேக்டர், சாதாரண மோட்டாருக்கு அதை வைத்துக்கொள்ளலாம். விடை 6.9 கிலோவாட். மணிக்கு 7 யூனிட் என்று வைத்துக்கொண்டேன். டெஸ்டர் கிடைக்கவில்லை என்றால் எச்பியை 0.746-ஆல் பெருக்கி 0.8-ஆல் வகுத்தாலும் ஏறத்தாழ இதே எண் வரும். ரீவைண்டிங் செய்த (உள்ளே கம்பியைப் புதிதாகச் சுற்றிய) மோட்டார் என்றால் மட்டும் டெஸ்டரை விடாதீர்கள், பெயர்ப்பலகைக்கும் நிஜத்துக்கும் தூரம் இருக்கும்.

இரண்டாவதுக்கு ஸ்டார்ட்டர் பெட்டியில், மோட்டார் ஓடிய நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டர் ஒன்று மாட்டச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய்தான். அதுவரைக்கும் மோட்டார் ரூம் சுவரில் சாக்பீஸால் எழுதினாலும் சரி. ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்கள் ஞாபகத்தில் கணக்குச் சொல்லவே கூடாது. நான் தினமும் நாலு மணி நேரம் ஓடுகிறது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். மீட்டர் ஆறு மணி காட்டியது. இரவில் கரண்டு வந்ததும் மோட்டார் தானாக ஓடி, விடிந்து நாம் போய் நிறுத்தும் வரை வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

மூன்றாவதுக்கு 200 லிட்டர் டிரம் ஒன்று, போனில் இருக்கும் ஸ்டாப் வாட்ச். நம் பக்கம் ‘ஒண்ணரை இஞ்ச் தண்ணி’ என்று கண் மதிப்பில் சொல்வோமே, அது கணக்குக்கு உதவாது. மோட்டார் போட்டுப் பத்து நிமிடம் கழித்து, தண்ணீர் சீரான பிறகு, குழாயின் வாயை டிரம்முக்குத் திருப்புங்கள். நானும் என் தம்பி மகனும் செய்தோம். அவன் குழாயைப் பிடித்துக்கொள்ள நான் நேரம் பார்த்தேன். முதல் தடவை பாதித் தண்ணீர் வெளியே தெறித்துவிட்டது. டிரம்மைச் சரிவாக வைத்திருந்தோம், அடியில் இரண்டு ஓட்டுத் துண்டைக் கொடுத்து நிமிர்த்திய பிறகு சரியாக வந்தது. மூன்று முறை அளந்ததில் சராசரி ஒரு நிமிடம் நாற்பது விநாடி. அதாவது விநாடிக்கு 2 லிட்டர், ஆறு மணி நேரத்துக்கு 43,200 லிட்டர்.

இப்போது பெருக்குங்கள். மணிக்கு 7 யூனிட், தினம் 6 மணி, மழை நாளும் கரண்டு இல்லாத நாளும் போக வருடத்துக்கு 200 நாள். 8,400 யூனிட். கரியமில வாயு 6,048 கிலோ. வீட்டு மின்சாரத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். இந்த எண்ணைப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கம்ப்ரசர் வைத்துத் தண்ணீர் எடுப்பவர்கள் இதைவிடக் கவனமாக அளக்க வேண்டும். காற்றை அழுத்தித் தண்ணீரைத் தள்ளும்போது, நீர்மூழ்கி மோட்டாரைவிட லிட்டருக்கு அதிக மின்சாரம் போகும்.

5. கேஸ், பெட்ரோல், டீசல்

இது சுலபம். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு 42 கிலோ கரியமில வாயு. பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ, டீசல் லிட்டருக்கு 2.68 கிலோ. பங்க் ரசீது இல்லை என்றால் வருடத்தில் ஓடிய கிலோமீட்டரை மைலேஜால் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். கம்பெனி சொன்ன மைலேஜை எடுக்காதீர்கள், டேங்கை நிரப்பி ஓட்டிப் பார்த்து எடுங்கள்.

எங்களுக்கு 7 சிலிண்டர் 294 கிலோ, பைக்குக்கு 180 லிட்டர் 414 கிலோ, காருக்கு 600 லிட்டர் டீசல் 1,608 கிலோ.

வெந்நீர் அடுப்பில் எரிக்கும் மட்டை, பாளை, சிரட்டையைக் கூட்டலில் சேர்க்க வேண்டாம். அந்தக் கார்பனை மரம் மறுபடி எடுத்துக்கொள்ளும், அதனால் தனி வரியில் எழுதுவதுதான் முறை. ஆனால் அந்தப் புகையைச் சுவாசிப்பவர் உங்கள் அம்மாவோ மனைவியோ. கணக்கில் வரவில்லை என்பதற்காக அது நல்லது என்று ஆகிவிடாது.

6. மாடும் நெல்லும்

பில் வராத இரண்டாவது இடம் இது. மாடு அசைபோடும்போது மீத்தேன் வெளியேறும். ஒரு கறவை மாட்டுக்கு வருடத்துக்கு சுமார் 50 முதல் 70 கிலோ. நூறு வருடக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு சூடாக்கும். நடுவில் 60 கிலோ என்று எடுத்தால் ஒரு மாட்டுக்கு 1,680, எங்கள் இரண்டுக்கும் 3,360 கிலோ. எங்கள் காரைப் போல இரண்டு மடங்கு.

இதை எழுதினால் மாட்டை விற்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். எங்கள் கட்டுத்தரை காலியாக இருந்து நான் பார்த்ததில்லை, பார்க்கவும் விருப்பமில்லை. பால் தராத மாட்டை மூன்றாக வைத்திருப்பதைவிட, நல்ல தீவனம் கொடுத்து இரண்டு வைத்திருந்தால் ஒரு லிட்டர் பாலுக்கு விழும் மீத்தேன் குறையும் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சாண எரிவாயுக் கலன் வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஒரு கன மீட்டர் கலனுக்குத் தினம் 25 கிலோ சாணம் வேண்டும், அதில் கிடைக்கும் வாயு சுமார் 0.45 கிலோ சமையல் கேஸுக்குச் சமம். சாணத்திலிருந்து வரும் மீத்தேனைத்தான் அது பிடிக்கும், மாட்டின் வாயிலிருந்து வருவதைப் பிடிக்காது. கலனில் கசிவு இருந்தால் இருந்ததும் கெட்டுவிடும்.

கோபி, பவானி பக்கம் வாய்க்கால் பாசனத்தில் நெல் போடுகிறவர்களுக்கு மாட்டைவிட வயல்தான் பெரிய வரி. தண்ணீர் தேங்கி நிற்கும் சேற்றில்தான் மீத்தேன் உண்டாகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் அது 30 முதல் 50 சதவீதம் வரை குறையும். பக்கவாட்டில் துளை போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயை வயலில் பதியுங்கள். தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு அடுத்த தண்ணீர் விடுங்கள். பூக்கும் சமயத்தில் மட்டும் காய விடாதீர்கள்.

7. குப்பை (ஒரு வாரம், ஒரு தொங்கு தராசு)

ஏழு நாள் குப்பையை மூன்று பையில் பிரித்துத் தினம் எடை போட்டு எழுதுங்கள். சமையல் கழிவு, பிளாஸ்டிக், மற்றவை. எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் ஒரு கிலோ கூடத் தேறவில்லை. ஆனால் அதை மாட்டுச் சாளைக்குப் பின்னால் எரித்துக்கொண்டிருந்தோம். அதை அன்றே நிறுத்தினோம், இப்போது சேர்த்து வைத்துத் தூய்மைக் காவலரிடம் கொடுக்கிறோம். இந்தப் படியில் இதற்கு மேல் நேரம் செலவழிக்க வேண்டாம்.

8. கூட்டுங்கள்

வீட்டுப் பக்கம்: மின்சாரம் 1,814, கேஸ் 294, பைக் 414, கார் 1,608. மொத்தம் 4,130 கிலோ, ஆளுக்கு 826.
தோட்டத்துப் பக்கம்: மோட்டார் 6,048, மாடு 3,360. மொத்தம் 9,408 கிலோ.

நாம் வாங்கும் துணி, அரிசி, சிமெண்ட், உரம் எதுவும் இதில் இல்லை. அதனால் ஆளுக்கு 826 என்பதை ஊர் உலகத்தோடு ஒப்பிட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். இந்தியாவின் சராசரி ஆளுக்கு ஏறத்தாழ 2 டன், உலகச் சராசரி 4.7 டன் அளவில் என்று சொல்லும்போது தொழிற்சாலை, சாலை, கட்டடம் எல்லாம் அதில் அடங்கும். உங்கள் எண்ணை உங்கள் போன வருட எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

இங்கே இன்னொரு பள்ளம். என் மாமா நோட்டைப் பார்த்துவிட்டு, “இருநூத்திப் பத்து தென்ன மரம் நிக்குதே மாப்ள, அது எல்லாத்தையும் உறிஞ்சிக்காதா?” என்றார். கழிக்காதீர்கள். மரம் வளரும்போது தன் உடம்பில் கார்பனைச் சேர்த்து வைக்கும், உண்மைதான். நாற்பது வருடத் தென்னை புதிதாகச் சேர்ப்பது கொஞ்சம். எடுத்ததில் பெரும்பகுதி காயாகவும் மட்டையாகவும் வெளியே போய்விடுகிறது. மரக் கணக்கைத் தனிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

9. முதலில் குறைக்க வேண்டியது: தண்ணீர்

பெரிய எண் எதுவோ அதில் கை வையுங்கள். எங்களுக்கு அது மோட்டார். தென்னைக்குச் சொட்டுநீர் போட்டால் மரத்துக்குத் தினம் 65 முதல் 80 லிட்டர் போதும். 210 மரத்துக்கு 80 என்று வைத்தாலும் 16,800 லிட்டர், மோட்டார் இரண்டரை மணி நேரத்துக்குள் கொடுத்துவிடும். நாங்கள் 43,200 லிட்டர் விட்டுக்கொண்டிருந்தோம்.

சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். 5 ஏக்கர் வரை இருப்பவர்கள் சிறு, குறு விவசாயிகள். தென்னைக்கு எந்த அலுவலகத்தில் விண்ணப்பம் என்பதை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டால் சொல்வார்கள். கொண்டுபோக வேண்டியவை: சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், வங்கிப் புத்தக நகல், பாஸ்போர்ட் அளவுப் போட்டோ, தாசில்தார் தரும் சிறு குறு விவசாயி சான்றிதழ். இந்தச் சான்றிதழை இ-சேவை மையத்தில் முதலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். மற்ற எல்லாத் தாளும் ஒரு நாளில் கிடைக்கும், இது ஒன்றுதான் தாமதமாகும்.

கவனிக்க வேண்டியவை: சிட்டா கூட்டுப் பட்டாவாக இருந்தால் மற்ற பங்குதாரர்களின் சம்மதம் கேட்பார்கள். அந்த நிலத்துக்கு முன்பே யாராவது மானியம் வாங்கியிருக்கிறார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். 100 சதவீதம் என்றாலும் குழாய் பதிக்கக் குழி எடுப்பது போன்ற சில்லறைச் செலவு நம் கையில்தான். எங்களுக்கு இருபத்தையாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. விண்ணப்பித்து நாலாவது மாதம் தண்ணீர் சொட்டியது. மழைக்கு முன் வேலை முடிய வேண்டும் என்றால் தை மாதமே விண்ணப்பித்துவிடுங்கள்.

கரண்டு இலவசம் என்பதால் இதில் மின்கட்டணம் ஒரு பைசா குறையாது. அதைச் சொல்லித்தான் பலரும் போடாமல் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் ஊரில் போர் ஆயிரம் அடியைத் தொட்டுவிட்டது. என் அப்பா சிறுவனாக இருந்தபோது கிணற்றில் குதித்து நீச்சல் பழகிய ஊர் இது. கட்டணம் இல்லை என்பதற்காகத் தண்ணீருக்கு விலை இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

10. கூரையில் சோலார் (மூன்று முதல் ஆறு மாதம்)

வீட்டுக்கு பி.எம். சூர்ய கர் திட்டத்தில் போடலாம். மத்திய அரசின் மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000.

எத்தனை கிலோவாட் என்பதை விற்பவர் சொல்லக் கூடாது, உங்கள் நோட்டு சொல்ல வேண்டும். நம் பக்கம் ஒரு கிலோவாட் தினம் சராசரியாக 4 யூனிட் தரும். எங்களுக்கு வருடத்துக்கு 2,520 யூனிட், 2 கிலோவாட் போட்டால் 2,920 கிடைக்கும். வந்து பார்த்த ஒருவர் 5 கிலோவாட் போட்டே தீர வேண்டும் என்று நின்றார். நோட்டைக் காட்டியதும் பேச்சு குறைந்தது. 2 கிலோவாட்டுக்கு எனக்கு வந்த விலைப்புள்ளிகள் 1,25,000-லிருந்து 1,60,000 வரை. மூன்று இடத்திலாவது எழுத்தில் வாங்குங்கள்.

இடம் கிலோவாட்டுக்கு 100 சதுர அடி வரை, நிழல் விழாமல். காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை நாலு மணிக்கு மாடியில் போட்டோ எடுத்துப் பாருங்கள். வீட்டை ஒட்டி நிற்கும் ஒரே ஒரு தென்னையின் நிழல் பேனல் மேல் விழுந்தாலும் உற்பத்தி கணிசமாகக் குறையும்.

இனி, என்னை மாதக்கணக்கில் அலைய விட்ட விஷயம். ஈபி இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் விண்ணப்பிக்க முடியும், மானியம் விழும் வங்கிக் கணக்கும் அவருடையதாக இருக்க வேண்டும். எங்கள் இணைப்பு இருபது வருடம் முன்பு காலமான அப்பாரு (தாத்தா) பெயரில் இருந்தது. நம் பக்கம் பாதி வீடுகளில் இதுதான் நிலைமை. பில் கட்டினால் போதும் என்று யாரும் மாற்றுவதில்லை.

பெயர் மாற்றத்துக்கு வேண்டியவை இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்த தாள், வீட்டு வரி ரசீது, ஆதார். இதில் எனக்கு வந்த சிக்கல், ஈபி அட்டையில் அப்பாரு பெயர் சாதிப் பெயரோடு இருந்தது, இறப்புச் சான்றிதழில் இனிஷியலோடு வெறும் பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று யார் சொல்வது? கவுன்டரில் தாளைத் திருப்பித் தந்துவிட்டார்கள். இரண்டு பெயரும் ஒருவருக்குத்தான் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகு ஏற்றுக்கொண்டார்கள். அதைத் தெரிந்துகொள்வதற்குள் மூன்று நடை, இரண்டு அத்தைகளின் கையெழுத்து வாங்கச் சிவகிரிக்கும் காங்கேயத்துக்கும் ஒரு பயணம். நீங்கள் போகும் முன்பே எல்லாத் தாளையும் மேஜையில் பரப்பிப் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

காலக் கணக்கு: வாரிசுச் சான்றிதழுக்கு ஆறு வாரம், பெயர் மாற்றத்துக்கு மூன்று வாரம், அதற்குப் பிறகு விண்ணப்பம், பேனல், இருவழி மீட்டர் எல்லாம் சேர்ந்து ஏழு வாரம். பெயர் மாற்றச் செலவு பத்திரத்தையும் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. மானியத்துக்கு, இந்தியாவில் செய்த செல்லை வைத்து இந்தியாவில் செய்த பேனல்தான் செல்லும். விலை குறைவு என்று வேறு பேனலைப் போட்டால் மானியம் வராது. விலைப்புள்ளியிலேயே அதை எழுதி வாங்குங்கள். அப்புறம், முழுத் தொகையையும் நாம் முதலில் கட்ட வேண்டும், மானியம் மீட்டர் மாட்டி எல்லாம் முடிந்த பிறகுதான் கணக்கில் விழும். 60,000-ஐக் கழித்துக்கொண்டு மீதிப் பணத்தோடு தயாரானால் நடுவில் திண்டாடுவீர்கள்.

11. சில்லறை வேலைகள்

பழைய மின்விசிறி 75 வாட். பிஎல்டிசி என்று விற்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை விசிறி 30, 35 வாட். தினம் 12 மணி நேரம், 300 நாள் ஓடினால் ஒரு விசிறிக்கு வருடம் 144 யூனிட் மிச்சம். மூவாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. ஐந்தையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம், அதிக நேரம் ஓடும் கூடத்து விசிறியையும் படுக்கையறை விசிறியையும் முதலில் மாற்றுங்கள். தோட்டத்தில் விழும் மட்டையை எரிக்காமல் மரத்தடியில் மூடாக்காகப் போடுங்கள், ஈரம் நிற்கும், மோட்டார் ஓட்டம் இன்னும் குறையும்.

12. மறுபடி அளப்பது

எல்லாம் போட்டு முடித்தால் கணக்கு குறைந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். அதே தேதி, அதே டிரம், அதே ஹவர் மீட்டர். எனக்குச் சொட்டுநீர் போட்ட பிறகு இரண்டரை மணி நேரம் வர வேண்டியது, மூன்று மணி பத்து நிமிடம் காட்டியது. மீட்டர் பழுது என்று நினைத்தேன். மரத்தடிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் சிறு குழாய்களை (லேட்டரல்) ஒவ்வொரு வரிசையாக நடந்து பார்த்தபோது ஏழு இடத்தில் அணில் கடித்த ஓட்டை, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. ஜாயின்டர் போட்டு அடைத்த பிறகு இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு வந்தது. இப்போது மாதம் ஒருமுறை, மோட்டார் ஓடும்போது வரிசை வரிசையாக நடக்கிறேன். ஃபில்டரையும் அன்றே கழுவிவிடுகிறேன். ஜாயின்டர் பத்து ரூபாய்க்குள்தான், ஒரு டஜன் வாங்கி மோட்டார் ரூமில் போட்டு வையுங்கள்.